பிடிஎஸ் இரண்டாம் வருடம்: ப்ரீகிளினிக் லேபைக் கடந்த கதை

பிடிஎஸ், அதாவது பல் மருத்துவப் படிப்பில் சேர்ந்த தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பதெல்லாம் அனாடமி எப்படி, பயோகெமிஸ்ட்ரி எப்படி என்றுதான். அதெல்லாம் உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். படித்தும் வராத ஒன்று இரண்டாம் வருடம், பேஷண்டைத் தொடுமுன் மாதிரிப் பற்களில் பழகுகிற ப்ரீகிளினிக் லேபில் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நான் இப்போது இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன், மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வெளியில் இருந்து படிப்பவர்களுக்காகச் சின்ன விளக்கம். நாலு வருடப் படிப்பு, அப்புறம் ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். பேஷண்டின் வாயில் கை வைப்பது மூன்றாம் வருடத்தில்தான். அதற்கு முன்னால், இரண்டாம் வருடக் கடைசியில் ப்ரீகிளினிக்கல் பிராஸ்தோ, ப்ரீகிளினிக்கல் கான்ஸ் என்று இரண்டு செய்முறைத் தேர்வுகள். பிராஸ்தோ என்றால் பல்செட் செய்வது, கான்ஸ் என்றால் சொத்தையைக் குடைந்து அடைப்பது, இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

பிராஸ்தோவைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது பொறுமை இருந்தால் கைக்கு வந்துவிடும் வேலை. மெழுகில் ரிம், அதாவது பல் அடுக்குவதற்கான வளைந்த மேடு செய்ய வேண்டும், மேல் ரிம் முன்பக்கம் 22 மில்லிமீட்டர் உயரம், கீழ் ரிம் 18. அதை ஆர்ட்டிகுலேட்டரில், அதாவது தாடை மாதிரி அசைகிற கருவியில் ஏற்றிப் பல் அடுக்க வேண்டும். இதில் ஒரே எதிரி நம் ஊர் வெயில். சாயங்காலம் மேம் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போன செட்டிங், மறுநாள் காலையில் பார்த்தால் கடிப்பில் ஒரு பல் தூக்கி நிற்கும். யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். சூடான மெழுகு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது பல்லையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும், சித்திரை மாதத்து லேபில் அது மறுபடி இளகவும் செய்யும். அதனால் ஒரேயடியாக மெழுகைக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஆறவிட்டு, கடிப்பைத் திரும்பப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பல்லுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் பிராஸ்தோ.

கான்ஸ்தான் கதை. முதலில் பெரிய பிளாஸ்டர் பற்களில் உளி வைத்து கேவிட்டி, அதாவது அடைப்பதற்கான குழி செதுக்கச் சொல்வார்கள், அது விளையாட்டு மாதிரி இருக்கும், எல்லோருக்கும் நன்றாக வரும், நமக்குக் கை இருக்கிறது என்ற நினைப்பும் வந்துவிடும். அப்புறம் டைபோடான்ட், அதாவது பிளாஸ்டிக் பற்கள் திருகி மாட்டிய தாடை. அதை மேஜையில் வைத்துச் செய்யும்வரை அந்த நினைப்பு நீடிக்கும். அதே தாடையை பேண்டம் ஹெட் என்கிற பொம்மைத் தலையின் வாய்க்குள் மாட்டி, ரப்பர் கன்னத்தையும் போட்டுவிட்டு, மேல் கடைவாய்ப் பல்லில் கேவிட்டி போடு என்றால் மொத்த பேட்சும் அமைதியாகிவிடும். (இந்தப் பொம்மைத் தலை ஒன்றும் புதிதல்ல, ஸ்காட்லாந்தில் ஆஸ்வால்ட் ஃபெர்கஸ் என்பவர் 1894லேயே இதைச் செய்துவிட்டார். அதற்கு முன்னால் நேரடியாக மனுஷ வாய்தானோ என்னவோ, நினைத்தாலே பாவமாக இருக்கிறது.)

பிரச்சினை கண்ணாடியில் இருக்கிறது. மேல்பற்களை நேராகப் பார்க்க முடியாது, மௌத் மிரரில் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். பல்லைக் குடையும் முனையான பர்ரை நம்மை நோக்கி இழுத்தால் கண்ணாடியில் அது தள்ளிப் போகிற மாதிரி தெரியும். மூளை ஒன்று சொல்ல, கை இன்னொன்று செய்யும். அதுவும் பர்ரைச் சுழற்றும் ஏரோட்டார் நிமிஷத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சமாச்சாரம், கை யோசித்து முடிப்பதற்குள் பல் போயிருக்கும். இது போதாதென்று தண்ணீர் பீய்ச்சிக் கண்ணாடியை மறைக்கும்.

இந்த இடத்தில்தான் பேட்ச் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கூட்டம் ஸ்டாஃப் அந்தப் பக்கம் போனதும் தாடையைக் கழற்றி மடியில் வைத்து அழகாக வெட்டி, திரும்ப மாட்டிவிட்டு சைன் வாங்கியது. இல்லையென்றால் தலையைக் கழுத்து ஒடிகிற அளவுக்குத் திருப்பி வைத்துக்கொண்டு நேராகப் பார்த்து வெட்டியது. அவர்களுடைய கேவிட்டி எங்களுடையதைவிட நன்றாகவே இருந்தது, ரெக்கார்டும் சீக்கிரம் முடிந்தது, எரிச்சலாகக்கூட இருந்தது. மூன்றாம் வருடம் போஸ்டிங்கில் பேஷண்டின் கழுத்தை அப்படித் திருப்ப முடியாதபோது அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான் எரிச்சல் போனது. பேண்டம் ஹெட்டில் வாங்க வேண்டியது இந்தக் கண்ணாடிப் பழக்கம் ஒன்றுதான் என்பது என் முடிவு, கேவிட்டியின் அழகு எல்லாம் அப்புறம்.

பழகுவதற்கு ஒரு சீனியர் அக்கா சொன்ன வழி எனக்கு உதவியது. ஹாஸ்டல் மேஜையில் ஒரு தாளை வைத்து, அதை நேராகப் பார்க்காமல் மிரரில் மட்டும் பார்த்து, பென்சிலால் கேவிட்டியின் அவுட்லைனை வரைவது. ஆரம்பத்தில் கிறுக்கலாக வரும், விடாமல் செய்தால் ஒருநாள் கை தானாகத் திரும்பிக்கொள்ளும். அது எப்போது நடந்தது என்றே தெரியாது. இதோடு, கண்ணாடி மேல்பரப்பிலேயே பூச்சு உள்ள மிரராக, ஃப்ரன்ட் சர்ஃபேஸ் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண மிரரில் பூச்சு கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதால் பிம்பத்துக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு பிம்பம் விழும், மில்லிமீட்டர் கணக்கில் வேலை செய்யும்போது அது படுத்திவிடும்.

மில்லிமீட்டர் என்று சும்மா சொல்லவில்லை. அமால்கம், அதாவது பாதரசம் கலந்த உலோக அடைப்புக்கான கேவிட்டியின் ஆழம் 1.5லிருந்து 2 மில்லிமீட்டர், பக்கத்துப் பல்லிலிருந்து இடைவெளி சுமார் அரை மில்லிமீட்டர், எக்ஸ்ப்ளோரர் என்கிற கூர்க்கம்பியின் முனை போய் வந்தால் சரி. ஸ்கேல் வைத்து அளக்கவா முடியும்? 245ஆம் நம்பர் பர்ரின் வெட்டும் பகுதி 3 மில்லிமீட்டர் நீளம், அது பாதி உள்ளே போனால் ஒன்றரை. இதைப் பிடித்துக்கொண்ட பிறகு ஆழத்தைப் பற்றிய பயம் பாதி குறைந்தது. கிளாஸ் டூ, அதாவது கடைவாய்ப் பல் பக்கத்துப் பல்லோடு ஒட்டும் பக்கத்தில் கேவிட்டி போடும்போது பக்கத்துப் பல்லைக் கீறாதவர்கள் எங்கள் பேட்சில் யாருமே இல்லை என்று நினைக்கிறேன். அதற்கும் வழி இருக்கிறது, பக்கத்துப் பல்லைச் சுற்றி ஒரு ஸ்டீல் மேட்ரிக்ஸ் பேண்டைப் போட்டுவிட்டு வெட்டினால் பர் பட்டாலும் தகட்டில்தான் படும். கிளினிக்கில் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

பிளாஸ்டிக் பல்தானே, தண்ணீரை நிறுத்திவிட்டு வெட்டினால் நன்றாகத் தெரியுமே என்று தோன்றும். செய்யாதீர்கள். பிளாஸ்டிக் உருகிப் பர்ரில் ஒட்டிக்கொள்வது இருக்கட்டும், கை அதற்குப் பழகிவிடும். 1965இல் ஜாக், கோஹன் இருவரும் குரங்குப் பற்களைச் சூடாக்கிப் பார்த்தார்கள். பல்லுக்குள் இருக்கும் பல்ப்பின் வெப்பம் சுமார் 5.5 டிகிரி செல்சியஸ் ஏறியதும் அவற்றில் 15 சதவீதம் மீளவே இல்லை. பேண்டம் ஹெட் கத்தாது, பேஷண்டும் ஊசி போட்டிருந்தால் கத்த மாட்டார்.

அடுத்தது நிஜப் பல். பிடுங்கிய பற்களைச் சேகரிப்பது தனி வேட்டை. தெரிந்த கிளினிக்குகளில் சொல்லி வைப்பது, ஓரல் சர்ஜரி டிபார்ட்மென்ட் வாசலில் பாட்டிலோடு நிற்பது எல்லாம் உண்டு. அமால்கம் அடைத்த பல் இருந்தால் அதை ஆட்டோகிளேவில், அதாவது நீராவியில் கிருமி நீக்கும் கருவியில் மட்டும் போடாதீர்கள், சூட்டில் பாதரச ஆவி வரும், அதை 10 சதவீத ஃபார்மலினில் இரண்டு வாரம் ஊறப்போட வேண்டும். பல்லின் மேலுறையான எனாமல் கடினமாக எதிர்க்கும், அதற்கடியில் உள்ள டென்டினுக்குள் இறங்கியதும் பர் சட்டென்று மெத்தென்று போகும். அந்த வித்தியாசத்தை எந்தப் பிளாஸ்டிக் பல்லும் கற்றுத் தராது.

இதில் எனக்கு நிஜமாகவே கோபம் வந்த விஷயம் சைன். ஒரு சார் கொஞ்சம் அகலப்படுத்து என்பார், அப்படியே செய்து கொண்டுபோனால் அடுத்த மேசையில் இருக்கும் இன்னொரு சார் ஓவர் எக்ஸ்டென்டட் என்று ரிப்பீட் போடுவார். பல் ஒன்றின் விலையைக் கட்டுவது நாம். ஒரே அளவுகோல் வைத்து மார்க் போட்டால் என்ன? ஒரு கான்ஃபரன்ஸ் ஸ்டாலில் ஹாப்டிக் சிமுலேட்டர் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். திரையில் தெரிவது கற்பனைப் பல், ஆனால் கையில் எனாமலின் எதிர்ப்பு தெரிகிறது, எங்கே எவ்வளவு அதிகமாக வெட்டினோம் என்று அதுவே எண்ணாகக் காட்டுகிறது. பர் தேயாது, பல் செலவும் இல்லை. எங்கள் கல்லூரியில் அது கிடையாது. அது இருந்திருந்தாலும் பேண்டம் ஹெட்டைத் தூக்கிப்போட வேண்டியிருக்காது, ஆனால் சைன் சண்டையாவது ஓய்ந்திருக்கும்.

அமால்கமே ஒழிகிற காலத்தில் ஏன் இன்னும் அமால்கம் கேவிட்டி என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2013இல் பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா ஒப்பந்தம் வந்தது, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரியிலிருந்து விதிவிலக்குகள் தவிர அமால்கத்துக்குத் தடை. நியாயமான கேள்விதான். ஆனால் தட்டையான தரை, நேரான சுவர், சரியான ஆழம் என்று இவ்வளவு கறாராகக் கேட்கிற வேறு பயிற்சி எனக்குத் தெரியவில்லை. பல் நிறத்தில் ஒட்டுகிற காம்போசிட் அடைப்பு கொஞ்சம் மன்னித்துவிடும், அதை அப்புறம் கற்றுக்கொள்ளலாம்.

தேர்வு நாள் பெரிய விஷயமில்லை, வருடம் முழுக்கச் செய்ததையே வெளியிலிருந்து வரும் தேர்வாளரான எக்ஸ்டர்னல் முன்னால் செய்கிறோம், அவ்வளவுதான். முதல் பேஷண்டுதான் வேறு. எனக்கு வந்தவர் ஒரு பெரியவர், கீழ்க் கடைவாய்ப் பல். பேண்டம் ஹெட்டுக்கு நாக்கு கிடையாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நாக்கு பர்ரைத் தேடி வருகிறது, எச்சில் குளமாக நிற்கிறது, நடுவில் அவர் என் சொந்த ஊர் எது என்று வேறு கேட்கிறார். கண்ணாடி பிடிக்கிற கையும் விரல் ரெஸ்ட்டும் (கை ஆடாமல் விரலைப் பல்லில் ஊன்றுவது) மட்டும் தானாக வேலை செய்தன, மற்றதெல்லாம் அங்கே நின்றபடி கற்றதுதான். அதனால் ஜூனியர்களிடம் சொல்வது, லேபில் நேரம் கிடைத்தால் டைபோடான்டில் ரப்பர் டேம், அதாவது எச்சில் படாமல் பல்லைத் தனியாக்கும் ரப்பர் விரிப்பு போட்டுப் பழகுங்கள், எங்களுக்கு அதை ஒருமுறை காட்டியதோடு சரி.

இன்ஸ்ட்ருமென்ட் பாக்ஸ் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சீனியரிடம் பாதி விலைக்குத் தாராளமாக வாங்கலாம், ஸ்பூன் எக்ஸ்கவேட்டர், கார்வர் எல்லாம் பழையதே போதும். மிரரையும் பர்ரையும் மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.