போட்டாங்களாம்

"அக்கா, இத தமிழ்ல சொல்லட்டுமா?"ன்னு கேட்டா. "இங்கிலீஷ்லயே ட்ரை பண்ணுமா"ன்னேன். நடந்தது இவ்ளோதான், மூணு மாசமாச்சு, இன்னும் மனசுக்குள்ள ஓடிட்டே இருக்கு.

நான் ஸ்டூடன்ட்ஸுக்கு எஸ்ஸே எழுத உதவுற டியூட்டர், அன்னிக்கு ஆன்லைன் செஷன். அவ மதுரைல நாலு வருஷம் நர்ஸா வார்டு பாத்துட்டு இங்க இங்கிலாந்துல, லீட்ஸ்ல நர்சிங் மாஸ்டர்ஸ் பண்ற பொண்ணு. தன் அனுபவத்த தானே திரும்பிப் பாத்து எழுதற ரிஃப்ளெக்டிவ் எஸ்ஸே, கிப்ஸ்ங்கிறவர் 1988ல அதுக்குன்னு சொன்ன ஆறு படி சைக்கிள் வெச்சு. கூகுள் டாக்ல இங்கிலீஷ்ல ஒரு வரி, பேஷன்ட் காலைலயே வீட்ல மெட்ஃபார்மின், அதான் சுகர் மாத்திரை, எடுத்தாங்கன்னு, பக்கத்துல லெக்சரர் "உனக்கு எப்படித் தெரியும்?"னு கமென்ட் போட்டிருந்தாங்க. நான் அத எந்த புக்ல இருந்து எடுத்ததுன்னு ரெஃபரன்ஸ் கேக்குறாங்கன்னு நெனச்சு இருபது நிமிஷம் சைட்டேஷன் சொல்லிக் கொடுத்துட்டு இருந்தேன். அப்பதான் அவ தமிழ்ல சொல்லட்டுமான்னு கேட்டது.

நான் சொன்னதுல தப்பில்லன்னுதான் இப்பவும் தோணுது. நைட் ஷிஃப்ட்ல அடுத்த நர்ஸ்கிட்ட ஹேண்டோவர் குடுக்கும்போது யாரு தமிழ்ல கேக்கப் போறாங்க? ஆனா உண்மைய சொல்லணும்னா, செஷன் ரெக்கார்ட் ஆகுது, ரெண்டு பேரும் ஊர்க்கத பேசிட்டு இருந்தோம்னு யாராவது நெனச்சிடுவாங்களோங்கிற பயமும் இருந்துச்சு.

முடியறதுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது, மைக் ஆன்ல இருக்கறது தெரியாம அவளா முணுமுணுத்தா, "போட்டாங்களாம்னுதான எழுதியிருக்கேன்."

அந்த 'ஆம்'. அவ கண்ணால பாக்கல, பேஷன்ட் சொல்லிக் கேட்டது. நமக்கு ஒரு விகுதி போதும், இங்கிலீஷ்ல யார் சொன்னாங்கன்னு தனியா எழுதினாத்தான் உண்டு, இல்லன்னா நேர்ல பாத்த மாதிரி ஆயிடும், மருந்து விஷயத்துல அது எவ்ளோ பெரிய வித்தியாசம்! மனசுக்குள்ள சரியா சொன்ன பொண்ணுக்கு நான் சைட்டேஷன் பாடம் எடுத்திருக்கேன்.

அத அவகிட்ட சொல்லியிருக்கணும். டைம் இல்லன்னு, பேஷன்ட் என்கிட்ட சொன்னாங்கன்னு வர்ற மாதிரி அந்த வரிய நானே டைப் பண்ணிட்டேன். பேப்பர திருத்தறது நம்ம வேலையில்ல, எழுதறவங்கள வளக்கறதுதான் வேலைன்னு ரைட்டிங் சென்டர்கள பத்தி 1984ல ஸ்டீபன் நார்த்ங்கிறவர் எழுதினத புது டியூட்டர்களுக்கு சொல்லித் தர்றவளே நான்தான். ஆனா மறுநாள் சப்மிஷன், வேற என்ன பண்ணியிருக்க முடியும்னும் தெரியல.

போன வாரம் மறுபடி புக் பண்ணியிருந்தா. "ஹலோ அக்கா"ன்னா, அதுக்கப்புறம் அம்பது நிமிஷமும் இங்கிலீஷ்தான். ரெண்டு எடத்துல வார்த்தை கெடைக்காம நின்னா, தமிழ்ல சொல்லட்டுமான்னு கேக்கவே இல்ல. சொல்லுன்னு நானும் சொல்லல.