தொலைக்கல்வியா, வகுப்பறையா: ஹட்டனிலிருந்து மசாஜ் சிகிச்சை படித்த அனுபவம்

மசாஜ் சிகிச்சையும் பாத அழுத்தச் சிகிச்சையும் படிப்பது என்று தீர்மானித்த பிறகு, எங்கே படிப்பது என்ற கேள்விதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. ஹட்டனில் இருப்பவருக்குத் தெரிவுகள் குறைவு. ஒன்று, கைத்தொலைபேசி வழியாகத் தொலைக்கல்வி. இல்லாவிட்டால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து இறங்கும் பஸ்ஸில் கண்டிக்குப் போய் வகுப்பில் உட்கார வேண்டும்.

அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தவர். தலையில் கயிறு மாட்டிக் கூடையைச் சுமந்து, சரிவில் நாள் முழுவதும் நின்றவர்களின் கழுத்தும் தோளும் முழங்காலும் எந்த நிலையில் இருக்கும் என்று மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்த உடல்களைத் தொடப்போகிறேன் என்பதால்தான் அவ்வளவு யோசித்தேன்.

முதலில் விசாரித்தது தொலைக்கல்வியைத்தான். கட்டணம் குறைவு, தவணையில் கட்டலாம், மண்சரிவால் பாதை மூடினாலும் பாடம் நிற்காது. எங்கள் பக்கத்தில் இவையெல்லாம் பெரிய வசதிகள். ஆனால் ஒரு நிலையத்திடம், "நான் செய்வதை யார் பார்த்துத் திருத்துவார்கள்?" என்று கேட்டபோது, காணொளியைப் பார்த்து வீட்டில் யார் மீதாவது பழகிக்கொள்ளலாம், கடைசியில் வினாத்தாளுக்கு விடை எழுதி அனுப்பினால் டிப்ளோமா வந்துவிடும் என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. என் கையை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள், அந்தக் கைக்கு எப்படிச் சான்றிதழ் தருவார்கள்?

அதன் பிறகு பதிவைப் பற்றித் தேடினேன். இலங்கையில் தொழிற்பயிற்சி நிலையங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது அது. தேசிய தொழிற்தகைமையில் 7 மட்டங்கள் உண்டு; 5ஆம், 6ஆம் மட்டங்களே டிப்ளோமா நிலை. இது தெரிந்ததும், வெறும் "டிப்ளோமா" என்று அச்சடித்த தாளைப் பார்த்து மயங்குவதை விட்டேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தச் சான்றிதழ் ஒருவரை வைத்தியராக்காது. சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் தனியாகப் பதிவு பெறுகிறவர்கள்.

கண்டியில் வார இறுதி வகுப்பைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே ஒருவர் மேசையில் படுக்க, மற்றவர் செய்ய வேண்டும். பிறகு இடம் மாற வேண்டும். படுத்திருந்து வாங்கியபோதுதான் குளிர்ந்த கை என்ன செய்யும், அவசரமான கை என்ன செய்யும் என்பது முதுகில் புரிந்தது. ஆசிரியையே என் கைக்குக் கீழே படுத்துக்கொண்டு திருத்துவார். "கட்டைவிரலால் குத்தாதீர்கள் மகள், பாதத்தை ஊன்றி உடலின் பாரத்தை இறக்குங்கள்" என்பார். விரல் மூட்டை நம்பித் தொழில் செய்தால் அந்த மூட்டே முதலில் கெடும். "மிஸ், இவ்வளவு அழுத்தம் போதுமா?" என்று கேட்டால் அந்தக் கணமே பதில் கிடைக்கும். எந்தக் காணொளியாலும் அதைத் தர முடியாது.

தவிர்க்க வேண்டியவற்றை அவர் சொல்லித்தந்த விதம் இன்னும் முக்கியம். முழங்காலுக்குப் பின்குழியில் அழுத்தக்கூடாது. முதுகெலும்பின் மேல் நேராக அழுத்தக்கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால், உள்நாளத்தில் இரத்தக்கட்டி இருக்கலாம். தேய்த்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும் என்பதால், கை வைக்காமல் வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் "வலிக்கவில்லை" என்று சொல்வதை நம்பி அழுத்தத்தைக் கூட்டக்கூடாது. பட்டியலாக இவற்றைப் புத்தகத்தில் படிக்கலாம்தான். ஆனால் இரண்டு கால்களையும் தொட்டு ஒப்பிட்டு வேறுபாட்டை உணர, பக்கத்தில் ஒருவர் நின்று பழக்க வேண்டும்.

தொலைக்கல்வியை நான் முழுதாகத் தள்ளவில்லை. என்புகள், தசைகள், குருதியோட்டம் ஆகிய பாடங்களை இணையவழியில்தான் படித்தேன். வகுப்பு சிங்களத்தில் நடந்ததால், தமிழ்மொழி உயர்தர உயிரியல் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நறுமண எண்ணெய்களின் அளவுக் கணக்கும் வீட்டிலேயே மனதில் படிந்தது: 2 சதவீதக் கலவைக்கு 10 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 4 துளிகள். கறுவா எண்ணெய் தோலை எரிக்கும் என்பதை, அது விளையும் நாட்டிலேயே பலர் பொருட்படுத்துவதில்லை.

இப்போது தோட்டத்துப் பிள்ளைகள் என்னிடம் ஆலோசனை கேட்கிறார்கள். கட்டணத்துக்கு முன் இவற்றைக் கேளுங்கள் என்கிறேன்: ஆசிரியர் முன்னிலையில் மனிதர்கள் மீது எத்தனை மணித்தியாலம் பயிற்சி, ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், செய்முறைப் பரீட்சையை நடத்துவது யார், எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுத முடியுமா. கடைசிக் கேள்விக்கு என் நிலையத்தில் முதலில் முடியாது என்றார்கள். நாங்கள் சிலர் சேர்ந்து கடிதம் கொடுத்த பிறகு தமிழ் வினாத்தாள் கிடைத்தது.