சிவப்பு மையால் வெட்டப்பட்ட விடை

எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்கு நினைவுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு சங்கச் செயலாளர் கேட்டபோது, விளையாட்டுப் போட்டிகளையும் நாடக மேடையையும் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் பலர் இருப்பதால், எனக்கு மட்டுமே உரியதென்று நான் கருதும் ஒரு தோல்வியைப் பற்றி எழுதலாம் என்று தீர்மானித்தேன். 1967ஆம் ஆண்டின் இரண்டாம் தவணைப் பரீட்சையில், "மடிப்பு மலைகள் தோன்றிய விதத்தை விளக்குக" என்ற புவியியல் வினாவுக்கு நான் எழுதிய ஒன்றரைப் பக்க விடை, மூலைக்கு மூலை சிவப்பு மையால் வெட்டப்பட்டு, இருபதுக்கு மூன்று புள்ளிகளுடன் என்னிடம் திரும்பி வந்தது. கண்டங்கள் நகர்ந்து ஒன்றோடொன்று மோதியதால் மலைகள் எழுந்தன என்று நான் எழுதியிருந்தேன். பாடநூல் அவ்வாறு சொல்லவில்லை.

பாடநூல் சொன்னது இதுதான்: பூமி ஒரு காலத்தில் உருகிய கோளமாக இருந்தது, பின்னர் ஆறியது, ஆற ஆறச் சுருங்கியது, வாடிய பழத்தின் தோலில் விழும் சுருக்கங்களைப்போல் அதன் மேற்பரப்பில் விழுந்த சுருக்கங்களே மலைத்தொடர்கள். இக்கருத்தை இன்று எள்ளி நகையாடுவது எளிது. ஆயினும் ஒஸ்திரியப் புவிச்சரிதவியலாளர் எடுவார்ட் சூஸ் போன்ற பேரறிஞர்களே பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதனை ஏற்றிருந்தனர். பௌதிகவியலாளர் கெல்வின் பிரபு, பூமி ஆறுவதற்குத் தேவையான காலத்தைக் கணித்து, அதன் வயது 2 கோடி ஆண்டுகளுக்கும் 40 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது என்று 1862இல் அறிவித்தபோது, அவருடைய கணக்கில் பிழை காண அன்று எவராலும் இயலவில்லை. கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே, பாறைகளுக்குள் இருக்கும் யுரேனியமும் தோரியமும் இடையறாது வெப்பத்தை வெளியிடுகின்றன என்பதும், சும்மா ஆறிக்கொண்டிருக்கும் ஒரு பந்தாகப் பூமியைக் கொள்ள முடியாது என்பதும் தெரியவந்தன. எங்கள் பாடநூலை எழுதியவருக்கு இச்செய்தி எட்டுவதற்கு அறுபது ஆண்டுகள் போதவில்லை.

எங்கள் புவியியல் ஆசிரியர் அந்தப் பக்கத்தை வகுப்பில் உரக்க வாசித்து முடித்தபின், புத்தகத்தை மேசைமீது கவிழ்த்து வைத்துவிட்டு, "பரீட்சையில் கேட்டால் இதை எழுதுங்கள், ஆனால் இதை நம்பிவிடாதீர்கள்" என்றார். வாடும் பழத்தில் சுருக்கம் எங்கும் விழும் என்பதையும், பூமியின் பெருமலைகளோ சில நீண்ட ஒடுங்கிய பட்டைகளில் மட்டும் நிற்கின்றன என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். அவரிடம் ஆர்தர் ஹோம்ஸ் என்னும் ஆங்கிலேயப் புவிச்சரிதவியலாளர் 1944இல் வெளியிட்ட தடித்த நூலின் பிரதியொன்று இருந்தது. அதன் கடைசி அத்தியாயம் கண்டங்களின் நகர்வைப் பற்றியது. பூமியின் உள்ளே வெப்பத்தால் எழும் பாறை ஓட்டங்கள் கண்டங்களைச் சுமந்து செல்லக்கூடும் என்பதை விளக்கும் படம் அதில் இருந்தது. அந்தப் படத்தை அவர் கரும்பலகையில் வரைந்தபோது அம்புக்குறிகளுக்கு மட்டும் மஞ்சள் சுண்ணக்கட்டியைப் பயன்படுத்தினார் என்பது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

அவர் தந்த வீட்டுவேலையைச் செய்தவர்கள் வகுப்பில் மூன்று பேர்தான் என்று நினைக்கிறேன். தேசப்படத்தின்மேல் மெல்லிய தாளை வைத்துத் தென்னமெரிக்காவையும் ஆபிரிக்காவையும் பிரதியெடுத்து, வெட்டி, பொருத்திக் கொண்டுவர வேண்டும். கரையோரக் கோட்டில் வெட்டிய என் தாள்கள் பிறேசிலின் தோள்பட்டை அருகே நன்றாகப் பொருந்தினாலும், வேறு சில இடங்களில் இடைவெளி விட்டன. ஏமாற்றத்துடன் நீட்டினேன். அவர் தேசப்படத்தைத் திறந்து, கரைக்கு அப்பால் வெளிர்நீலம் கருநீலமாக மாறும் கோட்டின்மீது விரலை ஓட்டி, "தம்பி, கடல் தண்ணீர் இன்று நிற்கும் இடம் கண்டத்தின் விளிம்பு அல்ல, இதுதான் விளிம்பு, இங்கே வெட்டும்" என்றார். அன்று இரவு மறுபடி வெட்டினேன். பெரும்பாலான இடைவெளிகள் மறைந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1965இல், சேர் எட்வர்ட் புல்லார்டும் அவருடைய சகாக்களும் கேம்பிறிட்ஜில் கணினியின் உதவியோடு ஏறத்தாழ 900 மீற்றர் கடலாழத்தில் செல்லும் கோட்டை வைத்து இதே பொருத்தத்தைச் செய்து காட்டியிருந்தார்கள் என்பதைப் பின்னாளில் வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதம் சற்று அளவு கடந்ததுதான்.

இவ்வளவுக்கும் மூலவரான அல்பிரட் வெகெனர் புவிச்சரிதவியலாளர் அல்லர்; ஜேர்மனிய வானிலை ஆய்வாளர். அவர் 1912இல் தம் கருத்தை முதன்முதலாக முன்வைத்து, 1915இல் நூலாக வெளியிட்டார். கரைகளின் பொருத்தத்தோடு அவர் நின்றுவிடவில்லை. உள்நாட்டு நீர்நிலைகளில் வாழ்ந்த மெசோசோரசு என்னும் சிறிய ஊர்வனவின் எச்சங்கள் தென்னமெரிக்காவிலும் ஆபிரிக்காவின் தென்பகுதியிலும் மட்டும் கிடைக்கின்றன. குளோசோப்தெரிசு என்னும் அழிந்துபோன தாவரத்தின் நாக்கு வடிவ இலைகள் தென்னமெரிக்கா, ஆபிரிக்கா, இந்தியா, அவுஸ்திரேலியா, அந்தாட்டிக்கா ஆகிய எல்லாவற்றின் பாறைகளிலும் பதிந்திருக்கின்றன. தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் 1912இல் உயிர்துறந்த ஸ்கொட் குழுவினர் கடைசிவரை இழுத்துவந்த ஏறத்தாழ 16 கிலோகிராம் பாறைகளுள் இந்த இலைப்பதிவுகளும் இருந்தன. நடக்க வலுவற்ற நிலையிலும் அவர்கள் அந்தக் கற்களை வீசவில்லை என்று ஆசிரியர் சொன்னபோது வகுப்பில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. வெகெனரால் சொல்ல முடியாமற்போனது ஒன்றுதான்: இத்தனை பெரிய நிலத்தை எது நகர்த்துகிறது? அவர் காட்டிய விசைகள் மிகவும் பலவீனமானவை என்று பௌதிகவியலாளர்கள் நிறுவினர். 1930இல், கிறீன்லாந்துப் பனிவெளியில், ஐம்பதாவது பிறந்தநாளுக்குச் சிறிது பின்னர் அவர் இறந்தபோது அவரது கருத்து பெரும்பாலோரால் ஒதுக்கப்பட்டே கிடந்தது.

திண்மப் பாறை எவ்வாறு ஓடும் என்ற கேள்விக்கு எங்கள் ஆசிரியர் தந்த விடையை நான் பார்த்த செய்முறைகளிலெல்லாம் சிறந்ததாக மதிக்கிறேன். வீதி வேலை நடந்த இடத்திலிருந்து இரண்டு தார்க் கட்டிகளைக் கொண்டுவந்தார். ஒன்றைச் சுத்தியலால் அடித்தார். அது கண்ணாடிபோல் பளபளக்கும் வளைந்த முகங்களோடு சிதறியது. மற்றதைத் தகர மூடியொன்றில் இட்டு, அதன்மேல் ஒரு கூழாங்கல்லை வைத்து, வகுப்பறையின் யன்னல் கட்டில் விட்டார். முதல் சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை, நாங்களும் மறந்துபோனோம். மூன்றாவது வாரத்தில் பார்த்தபோது கட்டியின் கூர்விளிம்புகள் உருண்டு, தார் மூடியின் ஓரம்வரை பரவியிருந்தது. கூழாங்கல் பாதி புதைந்திருந்தது. அதே தாரின் ஓரத்தைச் சுத்தியலால் தட்டினார், சில்லாக உடைந்தது. அடிக்கு உடைவதும் காலத்துக்கு இளகுவதும் ஒரே பொருள்தான் என்பதைக் கண்ணால் கண்டோம்.

புவியோட்டுக்குக் கீழே ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழம்வரை பரந்திருக்கும் பகுதியைத் தமிழில் சிலர் மென்மூடி என்றும் சிலர் கவசம் என்றும் எழுதுகிறார்கள். ஒரு சொல் அதை மெதுமையானது என்கிறது. மற்றச் சொல் கடினமானது என்கிறது. எனக்கு இரண்டும் பிடிக்கும், ஏனெனில் இரண்டும் உண்மை. அது கொதிக்கும் குழம்பு என்றும், பூமியின் மேற்பரப்பான தட்டுகள் அக்குழம்பின்மேல் மிதக்கின்றன என்றும் இன்றும் படித்தவர்களே எழுதுவதைக் காணும்போதெல்லாம் அந்தத் தகர மூடியை அவர்களுக்குக் காட்ட முடியவில்லையே என்று வருந்துவேன். அது திண்மப் பாறை. ஆயினும் இலட்சக்கணக்கான ஆண்டுகளில் ஓடுகிறது. பனியுகத்தின் தடித்த பனிக்கட்டி உருகிப் பல ஆயிரம் ஆண்டுகள் கழிந்தபின்னரும், பாரம் நீங்கிய ஸ்கண்டினேவிய நிலம் சில இடங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வீதம் இன்னமும் உயர்ந்துகொண்டிருப்பது இதனாலேயே.

"உள்ளே போய்ப் பார்த்தவர் யார், சேர்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். எவரும் போகவில்லை. பின்னாளில் சோவியத் ஒன்றியத்தார் கோலா தீபகற்பத்தில் இருபது ஆண்டுகள் துளைத்தும் 12,262 மீற்றர் ஆழத்தையே எட்டினர்; பூமியின் மையமோ 6,371 கிலோமீற்றர் கீழே இருக்கிறது. புவிநடுக்க அலைகளே அங்கே போய் வருகின்றன. நெட்டலைகள் திரவத்தினூடும் செல்லும், குறுக்கலைகள் செல்லமாட்டா. பெரிய நடுக்கமொன்றின் குறுக்கலைகள் பூமியின் மறுபக்கத்துக்கு வந்து சேராததால் மென்மூடிக்குக் கீழேயுள்ள வெளிக்கரு திரவமாக இருக்கிறது என்று அறிகிறோம். ஆனால் எந்த நெட்டலையும் வரக்கூடாத நிழல் வலயத்தில் மெலிந்த அலைகள் சில வந்து சேர்ந்ததை டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் அம்மையார் கவனித்தார். நியூசிலாந்தில் 1929இல் நிகழ்ந்த நடுக்கத்தின் பதிவுகளை ஆராய்ந்து, திரவக் கருவின் நடுவே வேறொரு கரு இருந்து அலைகளைத் திருப்புகிறது என்று 1936இல், ஒற்றை எழுத்தைத் தலைப்பாகக் கொண்ட கட்டுரையில், அவர் எழுதினார். கணினி இல்லாத காலம். நடுக்கங்களின் குறிப்புகளை அட்டைத்துண்டுகளில் எழுதி, வெறுமையான ஓட்ஸ் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். அவர் 104 வயதுவரை வாழ்ந்தார்.

நான் புவிச்சரிதவியல் படித்தவன் அல்லன். கட்டடப் பொறியியல் படிக்கக் கடல் கடந்து சென்ற இடத்தில், மண்ணியல் பாடத்துக்காகப் பல்கலைக்கழக நூலகத்தில் பழைய ஆய்விதழ்களைப் புரட்டியபோதுதான், நாங்கள் வகுப்பறையில் அமர்ந்திருந்த அதே ஆண்டுகளில் வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குப் புலப்பட்டது. 1950களின் தொடக்கத்தில், பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் ஏற அனுமதிக்கப்படாத மேரி தார்ப், பிறர் அளந்து வந்த ஆழக் கணக்குகளைக் கொண்டு அத்திலாந்திக்கின் அடித்தளத்தை வரைந்தபோது, நடுக்கடல் மலைத்தொடரின் உச்சியில் நெடுகிலும் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு இருப்பதைக் கண்டார். உடன் பணியாற்றிய புரூஸ் ஹீசன் முதலில் அதை வெறும் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிட்டார். 1962இல் அமெரிக்கப் புவிச்சரிதவியலாளர் ஹரி ஹெஸ், அந்த மலைத்தொடர்களில் புதிய கடற்றளம் பிறந்து இருபுறமும் விலகிச் செல்கிறது என்று எழுதி, அதைத் தாமே புவிக்கவிதை என்று அடக்கத்தோடு குறிப்பிட்டார். 1963இல் பிரெட் வைனும் டிரம்மண்ட் மத்தியூசும் அக்கவிதைக்குச் சான்று காட்டினர். எரிமலைப் பாறை ஆறும்போது அக்காலத்துக் காந்தப்புலத்தின் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்கிறது. பூமியின் காந்தப்புலம் இடையிடையே வடக்குத் தெற்காகப் புரள்கிறது. ஆகவே விரியும் கடற்றளத்தில் நேர்ப்பட்டையும் எதிர்ப்பட்டையும் மாறிமாறி, மலைத்தொடரின் இருபுறமும் கண்ணாடி விம்பம்போல் ஒத்திருக்க வேண்டும். இருக்கின்றன. கனடாவின் லோறன்ஸ் மோர்லி இதே விளக்கத்தை அதே ஆண்டில் எழுதி அனுப்ப, இரண்டு ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டன என்பதை வாசித்தபோது, முன்பின் அறியாத அந்த மனிதர்மீது எனக்கு நெருங்கிய உறவினர்மீது எழும் பாசம் எழுந்தது.

1967 ஏப்ரலில், எங்கள் தவணைப் பரீட்சைக்கு மூன்று மாதங்கள் இருக்கையில், வாஷிங்டனில் நடந்த கூட்டமொன்றில் ஜேசன் மோர்கன் என்ற இளைஞர், பூமியின் மேற்பரப்பு விறைப்பான சில தட்டுகளாகப் பிரிந்து நகர்கிறது என்பதைக் கோளக் கேத்திரகணிதத்தைக் கொண்டு விளக்கினார். ஆண்டு முடிவதற்குள் டான் மக்கென்சியும் ரொபேட் பார்க்கரும் அதே கருத்தை அச்சில் கொண்டுவந்தனர். கண்டங்கள் கடற்றளத்தை உழுதுகொண்டு போவதில்லை. கண்டமும் கடற்றளமும் சேர்ந்த தட்டுகளே நகர்கின்றன. வெகெனரின் குறை அங்கே தீர்ந்தது. என் விடையிலும் கண்டங்கள் உழுதுகொண்டுதான் போயின என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இருபதுக்கு இருபது அதற்குக் கிடைத்திருக்க நியாயமில்லை, பன்னிரண்டு கொடுத்திருக்கலாம்.

மலைகளைப் பற்றி நான் எழுதிய பகுதி நன்றாகவே இருந்தது. தெற்கேயிருந்து பிரிந்து வந்த இந்திய நிலம், சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஆசியாவோடு மோதியதால் இமயம் எழுந்தது. எவரெஸ்ட் சிகரத்தின் உச்சிப் பாறை, 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய கடலடியில் படிந்த சுண்ணாம்புக் கல். அதில் கடலுயிர்களின் துணுக்குகள் இருக்கின்றன. அந்தத் தள்ளுதல் இன்னும் ஓயவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுமாத்திராவின் மேற்கே, கடலடியில் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் நுழைந்துகொண்டிருந்த தட்டு மேலேயுள்ள தட்டோடு சிக்கி, நூற்றாண்டுக் கணக்கில் தேக்கிவைத்த நகர்வை, ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பத்து நிமிட அளவில் விடுவித்தது. அதன் விளைவை இம்மலரை வாசிப்போருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விடைத்தாளைத் திருத்தியவர் வேறொருவர். அவரை நான் குறை சொல்லவில்லை, அவர் கையில் பாடநூல் இருந்தது. நான் தாளை எடுத்துக்கொண்டு எங்கள் ஆசிரியரிடம் போனேன். அவர் நெடுநேரம் வாசித்தார். புள்ளியை மாற்றவில்லை. "தம்பி, பரீட்சைக்கு எதை எழுத வேண்டும் என்று நான் சொல்லித்தானே இருந்தேன்" என்றார். பின்னர் பென்சிலை எடுத்து, சிவப்புக் கோட்டின் அருகே சிறியதாக ஒரு கேள்விக்குறி இட்டுத் தந்தார். அந்தத் தாள் பல இடப்பெயர்வுகளுக்கிடையில் தொலைந்துபோயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஐஸ்லாந்தில் திங்வெட்லிர் பள்ளத்தாக்கில் நின்றேன். மேரி தார்ப் வரைந்த பிளவு கடலைவிட்டு வெளியே வந்து தரையில் தெரியும் இடம் அது. ஒரு காலை அமெரிக்காவிலும் மறுகாலை ஐரோப்பாவிலும் வைத்துப் படம் எடுக்கலாம் என்று வழிகாட்டி சொன்னது வேடிக்கைக்காக. உண்மையில் இரண்டு தட்டுகளுக்கும் இடைப்பட்ட வலயம் சில கிலோமீற்றர் அகலமானது, அதன் நடுவே நிலம் தாழ்ந்து கிடக்கிறது. மேற்குப் பக்கத்துக் கரும்பாறைச் சுவரில் கையை வைத்தேன். குளிர்ந்து, ஈரமாக, சிறு துளைகளோடு இருந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் என்று கொண்டு 1967இலிருந்து மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மீற்றருக்குச் சற்று அதிகம் வந்தது: நாங்கள் இருவர் நெருங்கி அமர்ந்திருந்த வாங்கின் நீளம்.