மூட்டை கட்டும் மே மாதம்: கோவையிலிருந்து பெங்களூருக்கு

ஜூன் முதல் வாரம் பெங்களூரில் வேலையில் சேர வேண்டும் என்று ஆஃபர் லெட்டர் வந்ததும், பெரும்பாலான வீடுகளில் முதலில் அடிபடுவது பிள்ளைகளின் லீவுதான். "இந்த வருஷம் எங்கேயும் போக முடியாது, வீடு காலி பண்ணணும்" என்று சொல்லிவிட்டு, ஒரு மாதம் முழுக்க அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அவர்களை உட்கார வைத்துவிடுவோம். அப்படிச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. சுற்றும் நாட்களையும் மூட்டை கட்டும் நாட்களையும் ஒரே காலண்டரில் எழுதினால் போதும். தூரத்துப் பயணம் முன்னால், பக்கத்து இடம் கடைசியில். வீடு கலையக் கலைய பயணம் சுருங்கிக்கொண்டே வர வேண்டும்.

காலண்டரில் முதலில் எழுத வேண்டியது பள்ளி ஆபீஸ். டி.சி.யை ஏப்ரலிலேயே, பரீட்சை முடிந்த கையோடு வாங்கிவிடுங்கள். மே மாதம் ஆபீஸ் திறந்திருந்தாலும் கையெழுத்துப் போட வேண்டியவர் லீவில் இருப்பார். டி.சி.யில் பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். பள்ளிகள் மாணவர் விவரங்களைப் பதியும் யூடைஸ் என்ற அரசுத் தளத்தில் பிள்ளைக்கு இருக்கும் பென் நம்பரையும் (நிரந்தரக் கல்வி எண்) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கொண்டுதான் புதுப் பள்ளி பிள்ளையின் பதிவைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பழைய பள்ளி அங்கிருந்து விடுவிக்காவிட்டால் அந்த வேலை நின்றுபோகும். எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்த ஜூலையில் கோவைக்கு டிக்கெட் போடுவது பெரிய தண்டச் செலவு.

டி.சி. கைக்கு வந்ததும் ஊட்டி. அக்னி நட்சத்திரம் தொடங்கும் முன், மலர்க் கண்காட்சிக் கூட்டம் ஏறும் முன், ஏப்ரல் கடைசியில் போய்விடுவது நல்லது. சொந்தக் காரில் போவதானால் இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இது நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். அரசு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இந்தத் தொல்லை இல்லை. மேட்டுப்பாளையம் ரோடு புது பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்தால் வேலை முடிந்தது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோகாதீர்கள், செக்போஸ்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டில் போதும்.

மலை ரயிலைப் பற்றி ஒரு கருத்து உண்டு. எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் வண்டி, 46 கிலோமீட்டரை ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுக்கும். 208 வளைவு, 16 குகை, 250 பாலம் என்று கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்கு மூன்றாவது குகையோடு ஆச்சரியம் தீர்ந்துவிடும். மீதி நேரமெல்லாம் "எப்பப்பா வரும்" தான். குட்டிகள் இருக்கும் வீட்டுக்குக் குன்னூர்–உதகை துண்டுப் பயணமே சரி: ஒரு மணி நேரம் சொச்சம், கெத்தி பள்ளத்தாக்கும் லவ்டேல் காடும் அதிலேயே வந்துவிடும். பல் சக்கரத் தண்டவாளத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கும் எட்டு வயது இருந்தால், பஸ்ஸில் ஏறி ரயிலில் இறங்குங்கள். உதகையிலிருந்து மதியம் கிளம்பும் வண்டி மூன்றரை மணி நேரத்தில் கீழே வந்துவிடும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான் அந்தப் பல் சக்கரம். முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். கடைசி நேரத்தில் தேடினால் டிக்கெட் கிடைக்காது.

பஸ்ஸில் ஏறினால் குன்னூருக்குள் 14 கொண்டை ஊசி. காலையில் பால் கொடுக்காதீர்கள். கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, சட்னி இல்லாமல். முன் சீட்டு, ஜன்னல் திறந்து, கையில் போன் இல்லாமல். குழந்தைகளுக்கு வாந்தி வருவதற்குப் பாதிக் காரணம் வளைவு, மீதிக் காரணம் குனிந்து வீடியோ பார்ப்பது.

மே முதல் வாரம் பெங்களூர். வீடு பார்க்கும் பயணத்தைத் தனியாக, லீவு போட்டு, ஒரே ஆள் போய் முடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். குடும்பத்தோடு போங்கள். ஒருவர் வீடு பார்க்க, இன்னொருவர் பிள்ளைகளோடு லால்பாக்கில். மெட்ரோ பச்சை வழியில் லால்பாக் என்றே நிலையம் இருக்கிறது. ஹைதர் அலி தொடங்கிய தோட்டம், 1889இல் கட்டிய கண்ணாடி மாளிகை, நடுவே பிள்ளைகள் ஓடி ஏற ஒரு பெரிய பாறை. மறுநாள் ஆட்களை மாற்றிக்கொண்டு கப்பன் பார்க். அதை ஒட்டியே கஸ்தூர்பா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா மியூசியம். பொத்தானை அழுத்தினால் ஓடும் இயந்திரங்கள் இருப்பதால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. ஐந்து வயதுக்குள் என்றால் ரயிலில் டிக்கெட் வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள், தனி இருக்கை கேட்டால் முழுக் கட்டணம்.

பெங்களூரில் வீடு பார்க்க மே மாதம்தான் சரியான மாதம், ஏனென்றால் தண்ணீரின் உண்மை அப்போதுதான் தெரியும். ஆகஸ்டில் எல்லா வீட்டிலும் குழாய் கொட்டும். 2024 கோடையில் நகரத்தின் பல பகுதிகளில் போர்வெல் வற்றி, பெரிய அடுக்குமாடிகளே டேங்கரை நம்பி நின்றன. புரோக்கரிடம் கேட்காதீர்கள், வாட்ச்மேனிடம் கேளுங்கள்: காவிரித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை, டேங்கர் வாரத்துக்கு எத்தனை, அந்தக் காசு மெயின்டனன்ஸில் சேர்த்தியா தனியா. காலை பத்து மணிக்குப் பிறகு போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்து பாருங்கள். குழாய் மூக்கிலும் பாத்ரூம் டைல்ஸிலும் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது உப்புத் தண்ணீர்; சிறுவாணி குடித்துப் பழகிய வீட்டுக்கு அது முதல் அதிர்ச்சி. வாஷிங் மெஷினுக்கும் ஆர்.ஓ. வடிகட்டிக்கும் அதனால் செலவு கூடும். அதையும் கணக்கில் வைத்து வாடகை பேசுங்கள். அட்வான்ஸ் கோவையை விட நிறையக் கேட்பார்கள். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை அக்ரிமென்டில் எழுத்தாகவே வாங்குங்கள்.

பிள்ளைகளுக்குப் பத்து கன்னடச் சொல் இந்தப் பயணத்திலேயே வந்துவிடும். நீரு (தண்ணீர்), ஊட்டா (சாப்பாடு), சாக்கு (போதும்). "வாங்க" என்பதற்கு அங்கே "பன்னி" என்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் புது வீட்டு வாசலில் வரவேற்கும் பாட்டியைப் பார்த்துச் சின்னது விழுந்து விழுந்து சிரிக்கும்.

திரும்பி வந்ததும் பேக்கர்ஸ் ஆட்களை வீட்டுக்கே வரவழைத்துச் சாமானைப் பார்க்கச் சொல்லுங்கள். போனில் சொல்லும் விலை விலையே இல்லை; ஏற்றிய பிறகு "இது லிஸ்டில் இல்லையே" என்று ஆரம்பிப்பார்கள். இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான் பெரும்பாலும் 14 அடி லாரியில் அடங்கும். தனி லாரியா, வேறு வீட்டுச் சாமானோடு சேர்த்தா என்று கேளுங்கள். சேர்த்து ஏற்றினால் காசு குறையும். ஆனால் ஒரே நாளில் வர வேண்டியது நான்கைந்து நாள் கழித்தும் வரலாம். ஜி.எஸ்.டி., இன்சூரன்ஸ், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லிஃப்ட் இல்லாவிட்டால் மாடிக்கு எவ்வளவு, எல்லாம் ஒரே தாளில் வர வேண்டும். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள், சாமான் இறங்கும்வரை ஒரு பங்கு உங்கள் கையில் இருக்கட்டும். மாதக் கடைசியும் ஒன்றாம் தேதியும் எல்லோரும் வீடு மாற்றும் நாட்கள், விலை ஏறும். 20இலிருந்து 25க்குள் ஒரு செவ்வாயோ புதனோ பாருங்கள். செவ்வாயில் வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்றால் புதன்.

மே இரண்டாவது வாரம் கொடிவேரி அணை. சத்தி ரோட்டில் இரண்டு மணி நேரம், ஒரே நாளில் போய் வந்துவிடலாம். பவானிசாகரில் உபரித் தண்ணீர் திறந்தால் குளிக்கத் தடை போடுவார்கள், அன்றைய செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். காலை ஒன்பதுக்குள் தண்ணீரில் இறங்கினால் கூட்டம் குறைவு. பாசி பிடித்த கல் வழுக்கும், குட்டிகளுக்கு ரப்பர் செருப்பு வேண்டாம், பின்பட்டை உள்ளதாகப் போடுங்கள்.

இந்தப் பயணத்துக்கான சாப்பாடு அலமாரியிலிருந்துதான் வர வேண்டும். காலி செய்வதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே மளிகை வாங்குவதை நிறுத்துங்கள். புளி, நல்லெண்ணெய், வறுமிளகாய், கடலை என்று தீர வேண்டியவை எல்லாம் கட்டுச்சோற்றில் தீரும். இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு கப் அரிசி, பெரிய எலுமிச்சை அளவு புளி, நல்லெண்ணெய் ஐந்து டேபிள்ஸ்பூன். சோற்றை அகலத் தட்டில் கொட்டி முழுக்க ஆறவிட்டுத்தான் புளிக்காய்ச்சலைப் பிசைய வேண்டும்; சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி தண்ணீராகி மதியத்துக்குள் நொசநொசத்துவிடும். தயிர்சோற்றுக்குப் பாலைத்தான் தாராளமாக ஊற்றி ஒரு ஸ்பூன் தயிர் கலக்க வேண்டும், வழியிலேயே உறைந்துகொள்ளும். அரிசிம்பருப்பு சாதத்தை மட்டும் இந்த வெயிலில் கட்டாதீர்கள். பருப்பு சேர்ந்தது, மதியம் தாண்டாது.

கடைசி வாரம் ஊருக்குள்ளேயே. ஸ்கூட்டரை லாரியில் ஏற்றும்போது டேங்க் காலியாக இருக்க வேண்டும், அதனால் மீதி பெட்ரோலைச் சாயங்காலங்களில் தீர்த்துவிடுங்கள்: ஒரு நாள் பேரூர், ஒரு நாள் உக்கடம் பெரியகுளக் கரை, ஒரு நாள் ரேஸ்கோர்ஸ். ஃபிரிட்ஜை ஏற்றுவதற்கு ஒரு நாள் முன்பே அணைத்துக் கதவைத் திறந்துவைக்க வேண்டும்; அன்று வீட்டில் குளிர்ந்த தண்ணீர் கிடையாது, அன்றைக்கே ஐஸ்கிரீம் கடை. பேக்கிங் ஆட்கள் வரும் நாளில் ஒருவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். அது வேலை நாளாக இருந்தால் கௌலி பிரவுன் ரோட்டில் காஸ் வன அருங்காட்சியகம். 1902இல் தொடங்கியது, மர வகைகளும் பாடம் செய்த விலங்குகளும் நிழலில் இருக்கும்.

வீட்டில் நிற்பவர் மூன்று பொருளைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு வாங்கியபோது பின்னால் இருந்த போக்குவரத்து போல்ட்டுகளை மறுபடி பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் தொப்பூர் மேடு ஏறும்போது டிரம் ஆடி ஸ்பிரிங் போகும். போல்ட் தொலைந்திருந்தால் சர்வீஸ் சென்டரில் ஒரு வாரம் முன்பே சொல்லிவையுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி நிமிர்ந்தே போக வேண்டும், படுக்கவைத்தால் ஆசிட் கசியும். மூன்றாவது கிரைண்டர். குழவிக் கல்லை உள்ளேயே விட்டுக் கட்டிவிடுவார்கள், அது உருண்டு டிரம்மை நெளித்துவிடும். கல்லைக் கழற்றித் துணி சுற்றித் தனிப் பெட்டியில், பெட்டியின் மேல் "கீழே வை" என்று எழுதி. பெங்களூரில் கிரைண்டர் கிடைக்காதா என்றால் கிடைக்கும், ஆனால் அதுவும் கோவையிலிருந்து போனதாகத்தான் இருக்கும்.

கேஸை மறந்துவிடுவார்கள். சிலிண்டரை லாரியில் ஏற்றக் கூடாது. சிலிண்டர், ரெகுலேட்டர் இரண்டையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்து டெர்மினேஷன் வவுச்சர் தருவார்கள். அதைப் புது ஊர் ஏஜென்சியில் காட்டி, அன்றைய டெபாசிட் கட்டிப் புது இணைப்பு வாங்க வேண்டும். அங்கே ஒரு வாரம்கூட ஆகலாம். வண்டிக்கு மட்டும் அவசரமில்லை: வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால்தான் புதுப் பதிவெண் வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். ஆனால் தடையில்லாச் சான்றைக் கோவை ஆர்.டி.ஓ.வில்தான் வாங்க வேண்டும், காருக்குக் கடன் இருந்தால் வங்கிக் கடிதமும் சேர்த்து. ஊரில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

பெங்களூரில் மே மாதச் சாயங்காலங்களில் இடி மழை வரும், லாரி காலையிலேயே இறங்குமாறு பேசிக்கொள்ளுங்கள். காரில் உங்களோடு வரும் பையில் பூட்டு, ஸ்க்ரூடிரைவர், பக்கெட், மக், ஒரு பல்பு, போர்வை, தடுப்பூசி அட்டை, டி.சி. இருக்கட்டும். பிள்ளைகளின் பொம்மைப் பெட்டி கடைசியாக ஏறி முதலில் இறங்கட்டும். பால் காய்ச்ச இண்டக்ஷன் அடுப்பும் ஒரு பாத்திரமும் அதே காரில் வரட்டும். 2,000 வாட் அடுப்புக்குச் சின்ன சாக்கெட் தாங்காது, பிளக்கே கருகிப்போகும். புது வீட்டுச் சமையலறையில் 16 ஆம்பியர் சாக்கெட் எந்தச் சுவரில் இருக்கிறது என்பதை வீடு பார்க்கப் போன அன்றே குறித்துக்கொண்டு வாருங்கள்.