எம்.பி.டி. ஸ்போர்ட்ஸ் பிராக்டிக்கல்: முதல் தடவை எங்கே விட்டேன், அப்புறம் எப்படிப் படித்தேன்

எம்.பி.டி. என்ற ஃபிசியோதெரபி முதுகலைப் படிப்பில் ஸ்போர்ட்ஸ் பிரிவு எடுத்திருக்கும் தம்பி தங்கைகள் சிலர் பிராக்டிக்கலுக்கு எப்படித் தயாராவது என்று கேட்டிருந்தீர்கள். தியரியை எப்படியும் எழுதிவிடலாம், ஒரு நோயாளியை முழுதாகப் பரிசோதித்துப் பதில் சொல்லும் லாங் கேஸில்தான் ஆள் விழுவது. நான் விழுந்த இடத்தையே முதலில் சொல்கிறேன்.

எனக்கு வந்த கேஸ் 62 வயது அம்மா. சர்க்கரை, பிரஷர், இரண்டு முழங்காலிலும் தேய்மானம். என்ன உடற்பயிற்சி கொடுப்பாய் என்றார் எக்ஸாமினர். மடமடவென்று ஒப்பித்தேன்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாள் தசைப் பயிற்சி, 220-இல் வயதைக் கழித்தால் 158, அதில் 64 முதல் 76 சதவீதத்துக்குள் நாடித்துடிப்பு இருக்க வேண்டும். அவர் குறுக்கிடவே இல்லை. முடித்ததும், "அந்த அம்மா என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்று மட்டும் கேட்டார். கேஸ் ஷீட்டில் அட்டெனலால் என்று நானேதான் எழுதியிருந்தேன், அது பீட்டா பிளாக்கர் வகை பிரஷர் மாத்திரை, நாடித்துடிப்பைக் குறைக்கும். பீட்டா பிளாக்கர் போடுகிறவருக்கு எவ்வளவு வேகமாக நடந்தாலும் நாடி அந்த அளவுக்கு ஏறாது, நான் சொன்ன 158 அவருக்குப் பொருந்தவே பொருந்தாது. அடுத்த வரியில் கிளிமிபிரைடு, சர்க்கரை மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் நடந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம், அதையும் சொல்லாமல் விட்டேன். அந்தத் தடவை ஃபெயில்.

அடுத்த ஆறு மாதம் காரைக்குடி வீட்டில் இருந்து படித்தேன். அப்போது செய்த ஒரே மாற்றம், புத்தகத்தில் வரும் ஒவ்வொரு எண்ணையும் தெரிந்த ஒருவருடைய உடம்பில் வைத்துப் பார்த்ததுதான். முதல் ஆள் எங்கள் அப்பத்தா. 76 வயது, அவரும் அட்டெனலால்தான். "அப்பத்தா, நடப்போம் வாங்க" என்றால் "இந்த வயசுல எனக்கென்னப்பா ட்ரில்லு" என்பார். வீட்டு முற்றத்தைச் சுற்றியிருக்கும் தாழ்வாரத்தை, வளவுப் பத்தி என்போமே, அதை டேப் பிடித்து அளந்தேன், முற்றத்தைச் சுற்றி ஒரு நடை 38 மீட்டர். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் அவரால் முடியாது, ஆறாவது சுற்றில் தூணைப் பிடித்துக்கொள்வார். உலக சுகாதார நிறுவனத்தின் 2010 வழிகாட்டுதலில் ஒரு தடவைக்கு பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்று இருந்ததும், 2020-இல் அதை எடுத்துவிட்டதும் எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. அதற்கு முன்னால் அது எனக்கு ஒரு மார்க் கேள்வி, அவ்வளவுதான். சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு நிமிடம், ஒரு நாளில் மூன்று வேளை என்று ஆரம்பித்தோம். சுற்று எண்ண புளியங்கொட்டை. தசை சுருங்கும்போது இன்சுலின் துணை இல்லாமலே குளுக்கோஸை உள்ளே இழுக்கும், குளுக்கோஸைச் செல்லுக்குள் கொண்டுபோகும் புரதம் குளூட்-4 என்று மனப்பாடம் செய்கிறோமே, அதுதான் அங்கே நடக்கிறது.

நாடியை நம்ப முடியாது என்றால் எதை வைத்து அளப்பது? பேச்சு. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் மிதமான உழைப்பு. அப்பத்தா நடக்கும்போது பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த பெரியவர்கள் கதையெல்லாம் தங்குதடையில்லாமல் சொல்வார், தாலாட்டு பாடச் சொன்னால் முதல் வரியிலேயே மூச்சு வாங்கியது. எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நடப்பவரே 6 முதல் 20 வரை எண் சொல்லும் போர்க் (Borg) அளவுகோலில் 12, 13 என்பது இதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது, அதற்கப்புறம் மறக்கவில்லை.

நடைக்கு மட்டும் முக்கியத்துவம் கொடுத்துவிட்டுத் தசையையும் சமநிலையையும் விட்டுவிடாதீர்கள், எல்லோரும் அங்கேதான் மார்க் இழக்கிறார்கள். 65-ஐத் தாண்டியவர்களுக்கு வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி தேவை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை தடவை எழுகிறார் என்று எண்ணுங்கள், நாற்காலி சுமார் 43 சென்டிமீட்டர் உயரம். அப்பத்தா ஏழு. அந்த வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் கீழே போனால் விழும் ஆபத்து கூடுதல் என்று வைத்துக்கொள்கிறோம். மூன்று மாதத்தில் பதினொன்றுக்கு வந்தார், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தை மாதத்தில் குன்றக்குடி வழியாகப் பழநிக்கு நடக்கிற பாதயாத்திரைக் கூட்டத்தில் இரண்டு நாள் கால் பார்க்கிற வேலையில் இருந்தேன். வாய்ப்பு இருந்தால் கண்டிப்பாகப் போங்கள். வருஷம் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று நாள் முழுக்க வெறுங்காலோடு நடந்தால் என்ன ஆகும் என்று அங்கே கண்ணால் பார்க்கலாம். ஒருவருக்குப் பாதத்தின் நடுவில், விரல் நுனி அளவு இடத்தில் மட்டும், எலும்பைத் தொட்டாலே வலி. கொப்புளம் இல்லை, காயம் இல்லை. மார்ச் ஃப்ராக்சர், அதாவது அதிக நடையால் பாத எலும்பில் விழும் மெல்லிய விரிசல், என்று சந்தேகப்பட வேண்டிய இடம் அது. ஆரம்பத்தில் எக்ஸ்ரே சரியாகவே இருக்கலாம், அதை நம்பி நடக்க விடக்கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் பலர் உள்ளங்காலில் கொப்புளம் உடைந்ததே தெரியாமல் நடந்து வந்திருந்தார்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் 10 கிராம் மோனோஃபிலமென்ட் டெஸ்ட் எதற்கு என்று அதன்பிறகு யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வரலாறும் கேட்பார்கள். பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸ் 1953-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய லண்டன் பஸ் ஆய்வு நிச்சயம் வரும்: இரட்டை மாடி பஸ்ஸில் படி ஏறி இறங்கும் கண்டக்டர்களைவிட உட்கார்ந்தே இருக்கும் டிரைவர்களுக்கு இதய நோய் அதிகம். இதோடு நிறுத்தாதீர்கள். 1956-இல் அவர்களே சீருடை அளவுகளைப் பார்த்தபோது டிரைவர்களின் இடுப்பு அளவு பெரிதாக இருந்தது, அப்படியானால் வேலையால் வந்த வித்தியாசமா, ஆளே முதலில் வித்தியாசமா என்ற கேள்வி எழுந்தது. அடுத்த கேள்வி அங்கிருந்துதான் வரும்.

இரண்டாவது தடவை எனக்கு வந்தது 54 வயது ஆட்டோ ஓட்டுநர். உடற்பயிற்சியைப் பற்றி வாயே திறக்காமல் முதலில் மாத்திரைச் சீட்டைக் கேட்டேன், அப்புறம் செருப்பைக் கழற்றச் சொன்னேன், நெஞ்சில் எப்போதாவது அழுத்தம் வருமா என்று கேட்டேன். சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் எத்தனை நிமிடம் இறங்கி நடக்க முடியும் என்று அவரையே கணக்குப் போடச் சொன்னேன். மூன்று தடவை ஐந்து ஐந்து நிமிடம் என்றார் அவர். அதையே எழுதிக் கொடுத்தேன்.