மாட்டுக் கணக்கும் ஆல்பகா முட்டையும்

பெரு நாட்டின் பூனோவில் வேலைக்குச் சேர்ந்தபோது மாடி ஏறினாலே மூச்சு வாங்கியது. 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. அதற்கு முன் சில ஆண்டுகள் ஆய்வகத்தில் மாட்டுக் கருமுட்டைகளை முதிரவைத்துக் கருவாக்கும் வேலை பார்த்திருந்தேன். இங்கே அதே வேலை ஆல்பகாவில். மயிருக்காக வளர்க்கும் ஒட்டகக் குடும்பத்து விலங்கு அது. விலங்குதான் வேறு, கைவேலை ஒன்றுதான் என்று நம்பிப் போனேன்.

அதிகாலையில் இறைச்சிக்கூடத்துக்குப் போய், அறுத்த பெண் ஆல்பகாக்களின் சினைப்பைகளை வெதுவெதுப்பான சலைன் ஊற்றிய பிளாஸ்கில் வாங்கி வருவோம். பெரிய சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். மேலே தெரியும் சின்னச் சின்ன நீர்ப்பைகளில் ஊசி செருகி உறிஞ்சி, நுண்ணோக்கியில் முட்டைகளைத் தேட வேண்டும். நல்ல மயிர் கொண்ட ஒரு பெண் ஆல்பகா அறுபட்டால் அதன் வம்சம் அங்கேயே நிற்கிறது. பதினொரு மாதச் சினைக்கு ஒரே குட்டி. அதன் மயிரை நம்பித்தான் மலைமேட்டுக் குடும்பங்கள் வாழ்கின்றன. அதனால் ஒரு முட்டை வீணானாலும் மனசு கேட்காது.

கிடைத்த முட்டைகளை வளர்ப்புத் திரவம் ஊற்றிய தட்டில் இட்டு, இன்குபேட்டர் என்ற வெதுவெதுப்பான பெட்டியில் முதிர வைக்க வேண்டும். முதல் தொகுதியை மாட்டுக் கணக்கில் 24 மணி நேரத்தில் எடுத்துவிட்டேன். ஆல்பகா முட்டையில் கொழுப்பு அதிகம். கருகருவென்று இருப்பதால் உள்ளே உட்கரு தெரியாது. ஓரத்தில் துருவ உடல் என்ற சின்ன உருண்டை பிதுங்கியிருந்தால்தான் முட்டை முதிர்ந்தது என்று அர்த்தம். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் அது இல்லை. அத்தனையும் என் அவசரத்தால் போனவை.

அங்கே நெடுநாள் வேலை பார்த்த அக்கா ஒருவர் திட்டவில்லை. “இதுக்கு மாடு மாதிரி 21 நாள் சுழற்சி கிடையாதே” என்றார். ஆணோடு சேர்ந்தால்தான் ஆல்பகாவுக்கு முட்டை வெளிவரும். விந்துநீரில் உள்ள ஒரு புரதமே அதைத் தூண்டுகிறது. தூண்டிய பிறகும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். உடலுக்குள்ளேயே அவ்வளவு நேரம் எடுப்பதை நான் தட்டில் வைத்துச் சீக்கிரம் கேட்டிருக்கிறேன்.

அப்புறம் வளர்ப்புத் திரவத்தின் நிறத்தைக் காட்டினார். ஊதா பக்கம் போயிருந்தது. கார்பன் டை ஆக்சைடு போதாமல் காரத்தன்மை ஏறிவிட்டது என்று அர்த்தம். கடல்மட்டத்துக்கான 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடையே இன்குபேட்டரில் வைத்திருந்தேன். பூனோவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. அந்த 5 சதவீதம் எப்படிப் போதும்? கணக்குப் போட்டு 8 சதவீதத்துக்கு அருகே உயர்த்தினோம்.

அடுத்த தொகுதியைக் காலை பத்து மணிக்கு வைத்தோம். 32 மணி நேரம். இடையில் கதவைத் திறக்காமல் இருப்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. மறுநாள் மாலை ஆறு மணிக்கு, வெளியே குளிர் இறங்கத் தொடங்கிய நேரத்தில், முதல் தட்டை எடுத்தேன். மூன்றாவது முட்டையின் ஓரத்தில் அந்த உருண்டை. அதற்கடுத்ததிலும்.

அக்கா குனிந்து பார்த்தார். “சரி, விந்தணுவைத் தயார் பண்ணு” என்றார். ஆல்பகா விந்து பிசின்போல இழுபடும், பிப்பெட்டில் ஏறாது. அதனால் விந்தகத்தோடு ஒட்டிய, விந்தணு சேர்ந்திருக்கும் சுருள்குழாயான எபிடிடிமிஸிலிருந்து எடுத்து வைத்திருந்தோம். கையை உரசிச் சூடாக்கிக்கொண்டு அந்தக் குழாயைத் திறந்தேன்.