வழிச்செலவுக் கவர்

வெளியூரிலிருந்து செய்தி கொடுக்க ஊழியர் வந்தால் கோழி அடித்துக் குழம்பு வைக்க நம் சபைகளில் யாருக்கும் கை சுருங்குவதில்லை. கோளாறெல்லாம் அவர் கிளம்பும்போதுதான். பஸ் எத்தனை மணிக்கு, ஸ்டாண்டு வரை யார் கொண்டுவிடுவது, டிக்கெட் காசு யார் கொடுத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. பாஸ்டர் பார்த்துக்கொள்வார் என்று மூப்பர்கள் இருப்பார்கள், பொருளாளர் கொடுத்திருப்பார் என்று பாஸ்டர் இருப்பார். வந்தவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்விடுவார். கேட்கவும் மாட்டார்.

யோவானின் மூன்றாம் நிருபம் கைவைப்பது சரியாக இந்த இடத்தில்தான். ஒரே பாப்பிரஸ் தாளில் அடங்கிவிடுகிற சின்னக் கடிதம். ஊர் ஊராகப் போகும் முன்பின் தெரியாத சகோதரர்களை வீட்டில் ஏற்றுக்கொண்ட காயுவை, கடிதம் அவருக்குத்தான், ‘உண்மையாய்ச் செய்கிறாய்’ என்று பாராட்டிய கையோடு, ஆறாம் வசனத்தில் அவருக்கு மேலும் ஒரு வேலை வைக்கிறார் யோவான்: அவர்களை வழிவிட்டனுப்ப வேண்டும், அதுவும் தேவனுக்கு முன்பாகப் பாத்திரமானபடி. இதற்குக் கிரேக்கத்தில் உள்ள சொல் புரொபெம்போ. வாசலில் நின்று கையசைத்தால் அது நிறைவேறாது. அடுத்த ஊர் போய்ச் சேரும்வரை வேண்டிய சாப்பாடு, பணம், தேவைப்பட்டால் துணைக்கு ஆள், எல்லாம் அதில் அடக்கம். தீத்து 3:13-இல் சேனாவுக்கும் அப்பொல்லோவுக்கும் இதே சொல் வருகிறது, ‘ஒரு குறைவுமில்லாதபடிக்கு’ என்ற அழுத்தத்தோடு. ரோமர் 15:24-இலும் அதுவே. ஸ்பானியாவுக்குப் போக நினைக்கும் பவுல், இன்னும் பார்த்தேயிராத சபையிடம் நாசூக்காக வழிச்செலவு கேட்கிறார்.

ஏன் இவ்வளவு வற்புறுத்தல்? ஏழாம் வசனத்தில் காரணம் இருக்கிறது. அந்தச் சகோதரர்கள் புறஜாதியாரிடம் ஒன்றும் வாங்குவதில்லை. ஊர் ஊராகப் பேசிக் காசு வாங்கும் பேச்சாளர்கள் அன்று ஏராளம்; அந்தக் கூட்டத்தில் ஒருவராகத் தெரியக்கூடாது என்ற கவனம் இது. வழிச்சத்திரங்களோ மூட்டைப்பூச்சிக்கும் திருட்டுக்கும் விபசாரத்துக்கும் பேர்போனவை. ஆக விசுவாசியின் வீடு ஒன்றுதான் போக்கிடம். காயு கதவை அடைத்தால் அவர்கள் வெறும் வயிற்றோடு நடக்க வேண்டியதுதான். அதே கடிதத்தில் வருகிற தியோத்திரேப்பு என்பவர் அடைத்தார்; சேர்த்துக்கொள்ள முன்வந்தவர்களையும் தடுத்து, சபையைவிட்டே தள்ளினார்.

கதவைத் திறந்து வைத்தால் ஏமாற்றுக்காரனும் நுழைவான். திடாகே என்கிற ஆதித் திருச்சபைக் கையேட்டுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கிறது. 1873-இல் கான்ஸ்டான்டினோபிளில் பிரையென்னியோஸ் என்ற கிரேக்க அறிஞர் கண்டெடுத்து 1883-இல் வெளியிட்ட நூல் அது. வரும் அப்போஸ்தலர் ஒரு நாள் தங்கலாம், தேவையென்றால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. போகும்போது அடுத்த தங்குமிடம் வரைக்கும் ரொட்டி கொடு. பணம் கேட்டால் அவனும் கள்ளன். குடியேற வருகிறவனுக்குத் தொழில் தெரிந்தால் உழைத்துச் சாப்பிடட்டும். கறாரான விதிகள்தான், ஆனாலும் முதலில் கதவைத் திறக்கச் சொல்லிவிட்டுத்தான் இந்தக் கணக்கெல்லாம்.

நமக்கு இரண்டு நாள் விதி பொருந்தாது; கன்வென்ஷன் என்கிற தொடர் கூட்டமே மூன்று நாள். விசாரிக்கும் ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தெரியாதவர் ஒருவர் வருகிறேன் என்றால் அவருடைய சொந்தச் சபைக்கு நீங்களே போன் போடுங்கள். அவர் கொடுத்த நம்பருக்குப் போட்டால் அவருடைய சிநேகிதர்தான் எடுப்பார். சபை நம்பரை வேறு வழியில் வாங்குங்கள். நேர்மையான ஊழியர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தங்க ஒரே வீடு. இன்றைக்கு உங்கள் வீடு, நாளைக்கு எங்கள் வீடு என்று பெட்டியோடு அலையவிடுவதைப் பலர் மரியாதை என்று நினைக்கிறார்கள். வீட்டுக்கு வீடு போக வேண்டாம் என்று ஆண்டவரே சீஷர்களுக்குச் சொல்லியிருக்கிறார் (லூக்கா 10:7). பெண் தனியாக இருக்கும் வீட்டில் ஆண் ஊழியரைத் தங்க வைக்காதீர்கள். நாளைக்கு யார் என்ன பேசினாலும் இருவருக்கும் பதில் இருக்காது.

சாப்பாட்டில் முதல் கேள்வி: சர்க்கரை உண்டா, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா? கூட்டம் ஆறரைக்கு என்றால் ஐந்து மணிக்கு இரண்டு இட்லியும் ஒரு டம்ளர் வெந்நீரும் போதும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் மைக் முன்னால் நிற்க முடியாது. ராத்திரி ஒன்பதரைக்குத் திரும்புகிறவருக்குப் பரோட்டாவும் சால்னாவும் வைத்தால் அவருக்குத் தூக்கம் போகும், மறுநாள் காலைக் கூட்டத்தில் அது தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள்: விருந்து வைக்கிற வீட்டு அக்கா மூன்று நாளும் அடுப்படியிலேயே நின்று ஒரு செய்தியும் கேட்காமல் போவார். தங்கும் வீடு ஒன்றாக இருக்கட்டும், ராத்திரிச் சாப்பாட்டை வேறு வேறு வீட்டார் செய்து தூக்குவாளியில் அனுப்பட்டும். பத்து மணிக்கு மேல் ஜெபம் பண்ணச் சொல்லி வாசலில் நிற்கிறவர்களை வீட்டுக்காரர்தான் நயமாகத் திருப்பி அனுப்ப வேண்டும். விருந்தாளியால் அது முடியாது.

பணத்துக்கு இரண்டு கவர். ஒன்று வழிச்செலவு, மற்றது காணிக்கை. இரண்டையும் ஒன்றாகப் போடுவதில்தான் அநியாயம் நடக்கிறது. இரண்டாயிரம் கொடுத்துவிட்டோம் என்று சபை நினைக்கும்; அதில் ஆயிரத்து எண்ணூறு ரயிலுக்கே போயிருக்கும். வழிச்செலவில் வந்த டிக்கெட், போகிற டிக்கெட், இரண்டு முனையிலும் ஆட்டோ, வழியில் சாப்பாடு எல்லாம் சேரும். அதை முதல் நாள் சாயங்காலமே கொடுத்துவிடுங்கள். கடைசி நாள் ராத்திரி காணிக்கை எண்ணி முடிப்பதற்குள் பொருளாளரைத் தேட வேண்டியிருக்கும், கையில் சில்லறை மட்டும் மிஞ்சும். வடக்கே பணித்தளத்திலிருந்து வருகிறவர் என்றால் திரும்பும் டிக்கெட்டைச் சபையே எடுக்கலாம். ரயிலுக்கு 60 நாளுக்கு முன்பே முன்பதிவு திறக்கிறது; கன்வென்ஷன் தேதி நோட்டீஸ் அடிக்கும்போதே தெரியுமே! தட்கலை நம்புவது விசுவாசம் ஆகாது.

இந்தச் செலவுக்குச் சின்னச் சபையில் பணம் ஏது என்றால், கைப்பிடி அரிசி இருக்கிறது. உலையில் போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவது. ஒரு பிடி சுமார் 50 கிராம் என்று வைத்தாலும், நாளுக்கு இருவேளை, மாதம் 3 கிலோ. இருபது வீடு என்றால் 60 கிலோ. மாதாமாதம் எடுத்து விற்றுப் பணமாக்கிவிடுங்கள், போட்டு வைத்தால் வண்டு விழும்.

கட்டுச்சோறு தனிக் கலை. தேங்காய்ச் சட்னி வைக்கவே கூடாது, மத்தியானத்துக்குள் புளித்துவிடும். இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இரண்டு பக்கமும் தடவி அடுக்குங்கள். புளியோதரை மறுநாள்வரை தாங்கும், சோறு உதிரியாக வடித்திருந்தால். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் வேர்த்து, அந்தத் தண்ணீர் சொட்டிச் சோறு நசநசத்துக் கெடும். தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, தணலில் வாட்டிய வாழையிலையில் மடித்து, மேலே செய்தித்தாள் சுற்றுங்கள். வாட்டாத இலை மடிப்பில் கிழிந்து எண்ணெய் பைக்குள் இறங்கும். பைபிளும் அதே பைக்குள்தான் இருக்கும்.

வண்டி நகர்ந்த பிறகு ஒரு வேலை பாக்கி. கெங்கிரேயா சபை ஊழியக்காரி பெபேயாள் அங்கிருந்து போனபோது, அவருக்கு எந்தக் காரியத்தில் உதவி வேண்டுமோ அதில் உதவுங்கள் என்று ரோமாபுரிச் சபைக்குப் பவுலின் எழுத்து போயிற்று. இப்போது ஒரு போன் போதும். அடுத்த சபைக்காரரிடம் வண்டிப் பெயர், பெட்டி, பெர்த் நம்பர், இறங்கும் நேரம் சொல்லுங்கள். அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறது, காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை போடுவார் என்பதையும்.